எஃப்சி 25 பாதி விலைக்கும் கீழே வந்துவிட்டது: இப்போது வாங்கலாமா, அடுத்ததுக்குக் காத்திருக்கலாமா?

பந்துபொறுக்கி எழுதியது:

மக்களே, ஒரு சின்னக் குழப்பம். இஏ நிறுவனத்தின் கால்பந்து வீடியோ கேம் எஃப்சி 25 விலை பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. மூன்று நாளாக ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் கூடையில் போட்டு வைத்து அதையே பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வாங்கும் பொத்தானை அழுத்த மனம் வரவில்லை.

இப்போது 2025 ஜூன். செப்டம்பர் கடைசியில் அடுத்தது வந்து நிற்கும். எஃப்சி 24 வந்தது 2023 செப்டம்பர் 29, எஃப்சி 25 வந்தது 2024 செப்டம்பர் 27. இந்த வருடம் மட்டும் மறந்துவிடப் போகிறார்களா என்ன? மூன்று மாதத்தில் பழசாகப் போகிற ஒன்றுக்கு எதற்குக் காசு என்கிறது ஒரு மனம். இதை விட்டால் அப்புறம் புலம்புவாய் என்கிறது இன்னொன்று.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடைசியாக வாங்கியது ஃபிஃபா 19 (எஃப்சி தொடரின் பழைய பெயர் ஃபிஃபா). அதில் வரும் அலெக்ஸ் ஹன்டர் என்ற வீரனின் கதையை முடித்த கையோடு நிறுத்தியவன்தான். வேலை, கல்யாணம், கைக்குழந்தை என்று ஓடிவிட்டது. இப்போதுதான் இரவு ஒன்பதரைக்கு மேல் ஒரு மணி நேரம் எனக்கென்று கிடைக்கிறது. கன்சோல் கிடையாது, சுமாரான பிசி. சனிக்கிழமைகளில் தம்பி வருவான். அவனோடு ஒரே சோபாவில் உட்கார்ந்து நாலு ஆட்டம் போட்டால் எனக்குப் போதும்.

ஓய்வுபெற்ற_கோலி எழுதியது:

முதலில் ஒன்று சொல்லுங்கள். வீரர் அட்டைகளைச் சேர்த்து அணி கட்டி இணையத்தில் மோதுகிற அல்டிமேட் டீம் பக்கம் போவீர்களா, மாட்டீர்களா? உங்கள் கேள்விக்கான பாதி பதில் அதில்தான் இருக்கிறது.

ஒரே பெட்டிக்குள் நாலைந்து விளையாட்டு வைத்து விற்கிறார்கள். தள்ளுபடி எல்லாவற்றுக்கும் ஒன்றுபோல வேலை செய்யாது. அல்டிமேட் டீமில் நீங்கள் சேர்க்கிற வீரர் அட்டை எதுவும் அடுத்த வருடத்து ஆட்டத்துக்கு வராது. ஜூனில் அதற்குள் நுழைவது, கடைசி நிறுத்தத்துக்கு முந்தின நிறுத்தத்தில் பேருந்து ஏறுவது மாதிரி. டிக்கெட் மலிவுதான், ஆனால் உட்கார்ந்து ஜன்னலைத் திறப்பதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள்.

ஒரு கிளப்பை எடுத்துத் தனியாக சீசன் சீசனாக நடத்துகிற கேரியர் மோடு அப்படியில்லை. நீங்கள் ஆரம்பிக்கிற நாள்தான் அதற்கு முதல் நாள். செப்டம்பர் வந்தாலும் அது பாட்டுக்கு ஓடும். சோபா ஆட்டமும் அப்படித்தான்.

கடைசி_நிமிடம் எழுதியது:

கோலி அண்ணே, வழக்கம்போல அல்டிமேட் டீமைப் போட்டு மிதிக்கிறீர்கள். நான் அதை மட்டும்தான் விளையாடுகிறேன். ஒரு விஷயம் சொல்லுங்கள்: அக்டோபரில் நுழைகிறவன் திறமை மதிப்பெண் 80 தாண்டாத அணியை வைத்துக்கொண்டு மூக்கால் அழ வேண்டும். இப்போது நுழைகிறவனுக்குச் சும்மா கொடுக்கிற பேக்கிலேயே (உள்ளே யார் என்று தெரியாத அட்டைப் பொட்டலம்) நல்ல ஆள் வருகிறான். பத்து நாளில் கனவு அணி கட்டலாம். ஒரு பைசா கூடுதலாகப் போட வேண்டாம். சீசன் கடைசிதான் கொண்டாட்டமே.

ஆனால் சர்வரில் எதிரே வருகிறவர்கள் எட்டு மாதம் கையைப் பழக்கி வைத்தவர்கள். அதையும் சொல்லிவிட வேண்டும். ஆறு வருடம் தொடாதவர் போனால் முதல் இருபது ஆட்டம் 5-0, 6-0 என்றுதான் போகும்.

ஓய்வுபெற்ற_கோலி எழுதியது:

பத்து நாளில் கனவு அணி கட்டலாம் என்பது சரி தம்பி. அந்தக் கனவுக்கு செப்டம்பரில் அலாரம் அடிக்கும் என்பதுதான் நான் சொன்னது.

செலவு பற்றியும் பேசிவிடுவோம். தள்ளுபடி விலை என்பது நுழைவுக் கட்டணம் மட்டும்தான். உள்ளே போனதும் பாயின்ட் (காசு கொடுத்து வாங்குகிற ஆட்டத்துப் பணம்), பேக் என்று இன்னொரு கடை திறந்திருக்கும். 2018-இல் பெல்ஜியத்தில் சூதாட்ட ஆணையம் இந்த மாதிரி அதிர்ஷ்டப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே சொல்லிவிட்டது. 2019 ஜனவரியில் அந்த நாட்டில் மட்டும் பாயின்ட் விற்பதை இஏ நிறுத்த வேண்டி வந்தது. பேக்கின் மேலேயே எந்த மதிப்பெண் ஆள் வர எத்தனை சதவீத வாய்ப்பு என்று போட்டிருக்கிறார்கள். ஃபிஃபா 19-இல் இருந்து போடுகிறார்கள். அந்த எண்ணை ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். ஆசை பாதி அடங்கிவிடும்.

இரவுப்பறவை எழுதியது:

பேக் பேச்சு வந்ததால் என் வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். எந்த ஆட்டம் என்று சொல்லவில்லை, இதே மாதிரி அட்டை சேர்க்கிற ஒன்றுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு, மணி பன்னிரண்டரை. மேசையில் காப்பி ஆறிப் போயிருந்தது. ஒரே ஒரு பேக் என்று ஆரம்பித்தேன். சுரங்கப்பாதை மாதிரி ஒரு காட்சி வரும், விளக்கெல்லாம் எரியும், முதலில் ஒரு நாட்டுக் கொடி, அப்புறம் எந்த இடத்து ஆட்டக்காரர் என்று இரண்டெழுத்து. அந்தக் கொடியைப் பார்த்ததும் நெஞ்சு படபடத்தது. நான் தேடிக்கொண்டிருந்தவரின் கொடி. அடுத்த நொடியில் அதே நாட்டு மாற்று கோல்கீப்பர் கையை ஆட்டிக்கொண்டு வந்தார். ஏற்கெனவே என்னிடம் மூன்று இருந்தவர். சரி, கொடி வந்துவிட்டதே, ஆளும் பக்கத்தில்தான் இருப்பார் என்று இன்னொன்று, இன்னொன்று என்று போனேன். வங்கிக் குறுஞ்செய்திகள் வரிசையாக வந்து விழுந்ததைக் காலையில்தான் பார்த்தேன். அந்த மாதம் புதுக் காலணி வாங்கவில்லை. யாரையும் குறை சொல்லவில்லை, விரல் என்னுடையதுதானே.

அதனால் பந்துபொறுக்கி, வாங்கினாலும் கணக்கில் வங்கி அட்டை எண்ணைச் சேமித்து வைக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்ப் பர்ஸை எடுத்து எண்ணை அடித்தால், நடந்து போகிற நேரத்தில் புத்தி வந்துவிடும்.

கம்பியும்_சிப்பும் எழுதியது:

விலையை விடுங்கள், உங்கள் பிசி இதைத் தூக்குமா என்று பார்த்தீர்களா? குறைந்தபட்சத் தேவை ஐ5 6600கே பிராசஸர், 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு. கூடவே 100 ஜிபி இடம். கடைசி வரியைத்தான் எல்லாரும் தாண்டிவிடுகிறார்கள். இரவு ஒன்பதரைக்கு வாங்கிவிட்டு, இறக்கி முடிக்கும்போது மறுநாள் ஆகியிருக்கும்.

இன்னும் மூன்று விஷயம். ஸ்டீமில் வாங்கினாலும் பின்னால் இஏ ஆப் ஓடும், அதில் தனியாக ஒரு கணக்கு வேண்டும். ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் ஒன்றும் கூடவே இறங்கும், அது லினக்ஸில் ஓடாது. அதனால் லினக்ஸில் ஓடுகிற ஸ்டீம் டெக் என்ற கைக்கருவி வைத்திருக்கிறவர்கள் தள்ளுபடியைப் பார்த்து ஏமாற வேண்டாம். மூன்றாவது, கீபோர்டில் விளையாடலாம் என்று நினைக்காதீர்கள். ஓடும், ஆனால் அது விளையாட்டு இல்லை, தட்டச்சுப் பயிற்சி.

நல்ல செய்தியும் உண்டு. ஃபிஃபா 22 வரைக்கும் பிசிக்குக் கிடைத்தது பழைய கன்சோல் பதிப்புதான். ஃபிஃபா 23-இல் இருந்துதான் பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கன்சோலில் வருவதே பிசிக்கும் வருகிறது. நீங்கள் 19-இல் நிறுத்தியவர் என்பதால் ஓட்டம், திரும்புதல், பந்தைத் தடுத்து நிறுத்துவது எல்லாமே வேறு ஆட்டம் போலத் தெரியும்.

பந்துபொறுக்கி எழுதியது:

கார்டு ஜிடிஎக்ஸ் 1660, ரேம் 16. இடம்தான் இல்லை. மனைவி எடுத்த குழந்தை வீடியோக்கள் வட்டை நிரப்பியிருக்கின்றன. அதில் கை வைத்தால் எனக்குச் சிவப்பு அட்டை.

கம்பியும்_சிப்பும் எழுதியது:

1660 என்றால் பரிந்துரைக்கப்பட்ட அளவுக்கே சரி. வெளியே ஒரு வட்டு வாங்கி வீடியோக்களை அதில் நகர்த்துங்கள். அந்தச் செலவையும் கேம் விலையோடு கூட்டிப் பாருங்கள். தள்ளுபடி எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும்.

மஞ்சள்_அட்டை எழுதியது:

கன்சோல்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. பெட்டியின் மேல் ஒரே பெயர் இருக்கும், உள்ளே ஒரே சரக்கு இருக்காது. பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் பதிப்பில் புது அசைவுத் தொழில்நுட்பம் கிடையாது. நின்டெண்டோ சுவிட்ச் கன்சோலில் ஃபிஃபா 20-இல் இருந்து 23 வரை லெகசி எடிஷன் என்ற பெயரில் வந்ததெல்லாம் பழைய ஆட்டத்துக்குப் புதுச் சட்டை மாட்டியதுதான். அணிப் பட்டியலும் உடையும் மட்டும் மாறின. எஃப்சி 24-இல்தான் சுவிட்சுக்கு ஆட்டத்தை இயக்கும் புது எஞ்சின் வந்தது.

இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் பழைய டிஸ்க் வாங்கி நானே ஏமாந்திருக்கிறேன். உறையில் போட்டிருந்த போனஸ் குறியீட்டை யாரோ எப்போதோ பயன்படுத்தி முடித்திருந்தார்கள். கேட்டதற்கு, உறையில் இருக்கிறதே, அதுதானே விளம்பரத்தில் சொன்னோம் என்றார். பதில் சொல்லத் தெரியாமல் விட்டுவிட்டேன்.

அதோடு, மாதச் சந்தா கட்டுகிறவர்கள் முதலில் அங்கே தேடுங்கள். எஃப்சி 24-ஐ 2024 மே மாதம் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா வைத்திருந்தவர்களுக்குச் சும்மாவே கொடுத்தார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்னால் தள்ளுபடியில் வாங்கிய ஒருவர் எனக்குத் தெரியும். அவரிடம் இந்தப் பேச்சை இன்றைக்கும் எடுக்க மாட்டோம்.

பழைய_பெஸ்_ஆள் எழுதியது:

எல்லாரும் ஒரே கடையைப் பற்றியே பேசுகிறீர்கள். பந்து உருள்வதில் ஒரு கனம் இருக்க வேண்டும், அது இஏவுக்குப் போட்டியாகக் கொனாமி விற்ற பெஸ் ஆட்டத்தில் இருந்தது. என் வயசுக்காரர்களுக்குப் புரியும். உரிமம் இல்லாமல் கிளப்புகளுக்கு வாய்க்கு வந்த பெயர் வைத்திருப்பார்கள், நாங்களே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்துவோம். அந்த வேலையே ஒரு விளையாட்டு.

பந்துபொறுக்கிக்கு ஒரு யோசனை: பெஸ்ஸின் வாரிசான இஃபுட்பால் காசில்லாமல் கிடைக்கிறது. முதலில் அதை இறக்கிப் பாருங்கள்.

கடைசி_நிமிடம் எழுதியது:

2021 செப்டம்பர் 30-ஐ மறந்துவிட்டீர்களா ஐயா? இஃபுட்பால் வெளியான அன்று வீரர்களின் கோணலான முகத்தைப் பார்த்துத் தூக்கம் போனவர்கள் உண்டு.

பழைய_பெஸ்_ஆள் எழுதியது:

மறக்கவில்லை தம்பி. அந்த முகங்களை எப்படி மறப்பது? 2022 ஏப்ரலில் வந்த 1.0 அப்டேட்டுக்கு அப்புறம் நிமிர்ந்துவிட்டது, அதைத்தான் சொல்கிறேன். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அதில் பழைய மாஸ்டர் லீக் இல்லை. தனியாக உட்கார்ந்து ஒரு கிளப்பைப் பத்து சீசன் வளர்க்க நினைக்கிறவருக்கு அது சரிப்படாது. யூஎஃப்எல் என்று 2024 டிசம்பரில் இன்னொன்று வந்தது, அதுவும் இலவசம். கன்சோலுக்குத்தான் வந்தது, இணைய ஆட்டம்தான்.

எனக்குப் பிடித்தது பெஸ் 2021. அதை இப்போது இணையக் கடையில் வாங்கவே முடியாது. அதைச் சொல்லும்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. இந்த வகை ஆட்டங்களை எடுத்துவிடுவார்கள். ஃபிஃபா அமைப்போடு இஏ பிரிந்ததும், 2023-இல் எஃப்சி 24 வருகிற சமயத்தில் ஃபிஃபா 23-ஐயும் அதற்கு முந்தியவற்றையும் இணையக் கடைகளிலிருந்து தூக்கிவிட்டார்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் திரும்ப இறக்கிக்கொள்ளலாம், புதிதாக வாங்க வழியில்லை. எனவே அடுத்த வருடம் இன்னும் மலிவாக வாங்கிக்கொள்கிறேன் என்கிற கணக்கு எப்போதும் பலிக்காது.

பந்துபொறுக்கி எழுதியது:

இது எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி ஐயா. சரி, அல்டிமேட் டீம் வேண்டாம், முடிவு. கேரியர் மோடு இப்போது எப்படி இருக்கிறது? 19-இல் மூன்று சீசனுக்கு மேல் போக முடியவில்லை, சலித்துவிட்டது.

ஓய்வுபெற்ற_கோலி எழுதியது:

இதைத்தான் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எஃப்சி 25-இல் எஃப்சி ஐக்யூ என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பெயரைக் கேட்டால் விளம்பரம் போல இருக்கும், விஷயம் உண்டு. ஒவ்வொரு வீரருக்கும் ஒரு பொறுப்பு கொடுக்கலாம். இடது பின்காவலரைக் கோட்டோரமாக ஓடவிடலாம், அல்லது பந்து நம்மிடம் இருக்கும்போது நடுக்களத்துக்குள் நுழையச் சொல்லலாம். பழைய ஆட்டத்தில் எல்லா அணியும் ஒரே மாதிரி வந்து மோதும். இதில் எதிரணி எப்படி ஆடுகிறது என்று முதல் பத்து நிமிடம் பார்த்துவிட்டு நாம் மாற்ற வேண்டியிருக்கிறது. பெண்கள் லீகிலும் கேரியர் ஆரம்பிக்கலாம், இந்தத் தொடரில் அதுவே முதல் தடவை. உண்மையான சீசனின் நடுவில் ஏதோ ஒரு வாரத்தைப் பிடித்து, அப்போதைய புள்ளிப் பட்டியலோடு உள்ளே நுழையவும் வழி செய்திருக்கிறார்கள்.

என் கதைக்கு வருகிறேன். இங்கிலாந்தின் நாலாவது டிவிஷனில் ஒரு கிளப்பை எடுத்தேன். இளையோர் அணியில் பதினாறு வயசுப் பையன் ஒருவன், கோல்கீப்பர், மொத்த மதிப்பெண் 52. நான் ஒரு காலத்தில் கோலி என்பதால் அவன்மேல் ஒரு பாசம். முதல் சீசனில் பெஞ்சிலேயே உட்காரவைத்தேன். பதினோராவது ஆட்டத்தில் முதல் கோலிக்கு அடி, இவனை இறக்க வேண்டியதாயிற்று. முதல் பந்திலேயே கார்னரில் வெளியே வந்து காற்றைக் குத்தினான், கோல். 0-1. கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். 88-ஆவது நிமிடம், நாங்கள் 2-1 முன்னிலையில் இருக்கும்போது ஒருவன் தனியாக உள்ளே வந்துவிட்டான். நான் எதையும் அழுத்தவில்லை. பையன் தானாகக் காலை நீட்டினான், பந்து அவன் முட்டியில் பட்டுக் கம்பத்தில் மோதி வெளியே போனது. இப்போது அவனுக்கு இருபத்து மூன்று வயசு, மதிப்பெண் 81, பெரிய கிளப் ஒன்று வலைவீசுகிறது. விற்க மாட்டேன். இதற்குத்தான் கேரியர் மோடு.

சலிப்பு வராமல் இருக்க ஒரு வழி. பாதிக்கு ஆறு நிமிடம் என்று ஆரம்பத்தில் இருக்கும், அதைப் பத்தாக்குங்கள். அப்புறம் ஸ்லைடர்களுக்கு (ஆட்டத்தின் அளவுகளைக் கூட்டிக் குறைக்கிற அமைப்பு) போய் ஓட்ட வேகத்தை இரண்டு மூன்று புள்ளி குறையுங்கள், பாஸ் பிழையை இரு தரப்புக்கும் கொஞ்சம் ஏற்றுங்கள். கணினி அணி பந்தைப் பசை போட்டு ஒட்டியது போல நாற்பது பாஸ் போடுவது அதோடு நிற்கும். ஸ்கோரும் 6-4 என்று வராமல் 1-0, 2-1 என்று வரும்.

குறையும் சொல்கிறேன். செய்தியாளர் சந்திப்பு நாலாவது ஆட்டத்திலேயே திகட்டிவிடும், தாண்டிவிடுங்கள். கேள்வியும் அதேதான், பதிலும் அதேதான். நிஜ உலகத்திலும் அப்படித்தானே என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

மஞ்சள்_அட்டை எழுதியது:

சோபா ஆட்டத்துக்கு ரஷ் மோடைப் பாருங்கள். ஆளுக்கு ஐந்து பேர், அதில் கோலி கணினியுடையவர். சின்ன மைதானம், ஆஃப்சைடு கடைசி மூன்றில் ஒரு பங்கில் மட்டும், முரட்டுத்தனம் செய்தால் நீல அட்டை கொடுத்து ஒரு நிமிடம் வெளியே உட்காரவைப்பார்கள். அண்ணன் தம்பிச் சண்டைக்கென்றே செய்தது.

இரவுப்பறவை எழுதியது:

ஒரு சந்தேகம். மே 31-ஆம் தேதி சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் பாரிஸ் கிளப் பிஎஸ்ஜி 5-0 என்று அடித்ததே, அதே ஆட்டத்தை இதில் போடலாமா?

கடைசி_நிமிடம் எழுதியது:

போடலாம். பிஎஸ்ஜி எதிர் லொம்பார்டியா எஃப்சி.

இரவுப்பறவை எழுதியது:

யார் அது?

கடைசி_நிமிடம் எழுதியது:

அன்று தோற்ற இன்டர் மிலான்தான். அந்தப் பெயருக்கான உரிமம் இஏவிடம் இல்லை. ஏசி மிலானுக்கு மிலானோ எஃப்சி என்று பெயர். வீரர்கள் எல்லாம் நிஜம், சட்டையும் சின்னமும் கற்பனை. யுவென்டஸும் ஃபிஃபா 20-இல் இருந்து மூன்று வருடம் பியெமோன்டே கால்ச்சோவாக நடமாடியது, ஃபிஃபா 23-இல்தான் சொந்தப் பெயருக்குத் திரும்பியது.

பழைய_பெஸ்_ஆள் எழுதியது:

ஆக, நாங்கள் அன்றைக்கு அனுபவித்த கூத்தை இப்போது நீங்களும் காசு கொடுத்து அனுபவிக்கிறீர்கள். மகிழ்ச்சி.

பந்துபொறுக்கி எழுதியது:

வாங்கிவிட்டேன்!

ஸ்டீமில் இரண்டு மணி நேரத்துக்குள் விளையாடி, பதினான்கு நாளுக்குள் கேட்டால் பணத்தைத் திருப்பித் தருவார்கள் என்ற தைரியத்தில் அழுத்தினேன். இதைப் பின்பற்றுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அந்த இரண்டு மணி நேரத்தில் முதல் இருபது நிமிடம் கணக்கை இணைப்பது, மொழி, ஒலி, விருப்பமான கிளப் எது என்ற கேள்விகள் என்றே போய்விட்டது. நேராக கிக்-ஆஃப் போய் ஒரு ஆட்டம் போடுங்கள், அமைப்புகளை அப்புறம் நோண்டிக்கொள்ளலாம்.

முதல் ஆட்டம் கணினியிடம் 0-3. தடுப்பாட்டம் சுத்தமாக மறந்துவிட்டது. பழைய பழக்கத்தில் பொத்தானை அமுக்கிக்கொண்டே ஓடினேன், என் ஆள் எதிராளியைத் தாண்டி விளம்பரப் பலகை வரைக்கும் போனான். கோலி அண்ணன் சொன்ன ஸ்லைடர் மாற்றத்துக்கு அப்புறம் மூச்சு விட முடிகிறது. கேரியரும் ஆரம்பித்துவிட்டேன். வீரர்கள் கிளப் மாறுகிற, இப்போது நடக்கிற மாற்றங்கள் எனக்கு வேண்டாம். போன சீசன் அணிகளே போதும், அவர்களைத்தானே டிவியில் பார்த்தேன்.

சனிக்கிழமை தம்பி வந்தான். பழைய கன்ட்ரோலரில் இடது குச்சி தானாகவே மேலே இழுக்கும், அதை அவன் தலையில் கட்டினேன். அவனுடைய ஆட்டக்காரன் பாதி நேரம் கொடிக் கம்பத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தான். 4-1. குழந்தை தூங்குகிறதே என்று வாயைப் பொத்திக்கொண்டு கத்தினேன்.

ஓய்வுபெற்ற_கோலி எழுதியது:

அந்தக் கன்ட்ரோலரை மாற்றாதீர்கள். சொந்த மைதானத்துச் சாதகம் என்று ஒன்று உண்டு.

கம்பியும்_சிப்பும் எழுதியது:

அக்டோபர் ஆகிவிட்டது, இழையை மேலே தூக்குகிறேன். எஃப்சி 26 செப்டம்பர் 26-ஆம் தேதி வந்துவிட்டது. இணையத்தில் மோதுகிறவர்களுக்கு ஒரு வேகம், தனியாக விளையாடுகிறவர்களுக்கு ஒரு வேகம் என்று ஆட்டத்தையே இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். கோலி அண்ணன் ஸ்லைடரில் செய்ததை ஆத்தென்டிக் என்ற பெயரில் அவர்களே செய்து கொடுத்துவிட்டார்கள். பிசியில் செக்யூர் பூட் (கணினி தொடங்கும்போதே பாதுகாப்பைச் சோதிக்கிற அமைப்பு) இயக்கத்தில் இருந்தால்தான் திறக்கும், பழைய மதர்போர்டு வைத்திருப்பவர்கள் வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். பந்துபொறுக்கி, போகிறீர்களா?

பந்துபொறுக்கி எழுதியது:

இப்போது இல்லை. ஜூனில் கேளுங்கள்.

கேரியரில் இரண்டாவது சீசன் ஓடுகிறது, டிசம்பர் மாதம், பட்டியலில் ஏழாவது இடம். செப்டம்பரில் எதுவும் நின்றுபோகவில்லை. அப்புறம், போன வாரம் தம்பி தனக்கென்று ஒரு புதுக் கன்ட்ரோலர் வாங்கிக்கொண்டு வந்தான். 2-3 தோற்றேன். ஐந்து கோலுக்கும் ரீப்ளேயை ஒன்று விடாமல் ஓடவிட்டான், என் இரண்டையும் சேர்த்து.